கொடைக்கானலில் காத்திருந்த காஷ்மீர் சிங்கம்

கொடைக்கானலில் பிழைப்பு நடத்துபவர்களுக்கு வருடம் என்பது ஏப்ரல், மே என்ற இரண்டே மாதங்கள்தான். லாட்ஜ் வைத்திருப்பவர், ஏரிக்கரையில் குதிரை ஓட்டுபவர், சாக்லேட் கடைக்காரர், மலைப்பூண்டும் பேரிக்காயும் விற்பவர் என எல்லோரும் அந்த இரண்டு மாத வருமானத்தில்தான் மற்ற பத்து மாதங்களை ஓட்ட வேண்டும். 2020-லும் 2021-லும் ஊரடங்கால் இரண்டு சீசன்கள் அடுத்தடுத்துக் கைவிட்டுப் போயின. மூச்சு விடுவதற்குள் 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. மலையில் கடை வைத்திருப்பவருக்கு, அடுத்த சீசன் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது என்பதுதான் விஷயம்.

மலைக்குக் கீழேயும் இதே கதைதான். வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனி என்று எந்த ஊருக்குப் போனாலும் வளைகுடாவில் வேலை போய்த் திரும்பிய ஒரு பிள்ளையாவது மஹல்லாவில் இருக்கிறார். ஜும்ஆ முடிந்து துஆச் செய்யச் சொல்லி வருபவர்களிடம் நாம் அதிகமாகக் கேட்பது, எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கை அல்ல. இது எப்போது முடியும், ஹஜ்ரத் என்ற கேள்வியைத்தான். நஷ்டத்துக்கு ஒரு தொகை உண்டு. அதைத் தாங்கிக்கொள்ள மனம் பழகிவிடுகிறது. முடிவு தேதி தெரியாத காத்திருப்புக்குத்தான் பழக மாட்டேன் என்கிறது.

இதே கேள்வியோடு, இதே கொடைக்கானலில், சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் காத்திருந்தார். ஒரு மாநிலத்தின் பிரதமராக இருந்தவர் அவர். ஷேர்-இ-காஷ்மீர், அதாவது காஷ்மீர் சிங்கம் என்று அழைக்கப்பட்ட ஷேக் முஹம்மது அப்துல்லாஹ். கோஹினூர் என்ற பெயருடைய பங்களாவில் அவர் காவலில் வைக்கப்பட்டிருந்தார். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போய் வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. அவருடைய அரசியலை அலசுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல; அதில் இன்றுவரை பல கருத்துகள் உண்டு. வாழ்நாள் முழுவதும் நிச்சயமின்மையோடு வாழ்ந்த ஒரு மனிதரின் கதையாகவே இதைச் சொல்கிறோம்.

ஷேக் அப்துல்லாஹ் 1905 டிசம்பர் 5 அன்று ஸ்ரீநகரை அடுத்த சௌராவில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தந்தை ஷேக் முஹம்மது இப்ராஹீம் மௌத்தாகியிருந்தார். தந்தை முகம் பாராத எத்தீமாகவே உலகுக்கு வந்தார். குடும்பத் தொழில் சால்வை தயாரிப்பும் வியாபாரமும்.

இந்தச் சால்வைத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் காஷ்மீர் சால்வைக்குப் பெரிய சந்தை பிரான்ஸ் நாடு. 1870-71-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. அதோடு சந்தை விழுந்தது. எங்கோ ஐரோப்பாவில் நடந்த போருக்கு ஸ்ரீநகரில் தறிகள் நின்றன. ஐரோப்பாவில் ஆர்டர் குறைந்தால் நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலைகள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே நெசவாளர்கள் மீது வரிச்சுமை தாங்க முடியாத அளவுக்கு இருந்தது. 1865-இல் அதை எதிர்த்து ஊர்வலம் போன நெசவாளர்கள் படையினரால் விரட்டப்பட்டுக் கால்வாயில் விழுந்து மாண்டார்கள். சந்தை விழுந்து சில ஆண்டுகளிலேயே, 1877 முதல் 1879 வரை, பெரும் பஞ்சம் வந்தது. எஞ்சிய நெசவாளர்களில் பலரை அது கொண்டுபோனது. ஒரு போர், ஒரு வரி, ஒரு பஞ்சம் என மூன்றும் சேர்ந்து சாய்த்த தொழிலின் மிச்சத்தில்தான் அந்த எத்தீம் பிள்ளை வளர்ந்தார்.

முதலில் மக்தபில் குர்ஆன் ஓதக் கற்றார். ஸஅதியின் குலிஸ்தானும் போஸ்தானும் படித்தார். பிறகு ஆரம்பப் பள்ளியில் சேர்த்தார்கள். இரண்டு வருடம் போனது; படிப்பு நின்றது. கையிருப்பு குறைந்த வீட்டில் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பாகத்தான் இருக்கும். அது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அந்த நேரத்தில் குறுக்கே வந்து பேசியவர் குடும்பத்து நாவிதர் முஹம்மது ரமஸான். பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பும்படி அப்துல்லாஹ்வின் பெரியவர்களிடம் வாதாடிச் சம்மதிக்க வைத்தார். பணமும் பதவியும் இல்லாத ஒருவரின் நல்ல வார்த்தை ஒரு சமூகத்தின் வரலாற்றில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நினைத்தால் நமக்கு வியப்பாக இருக்கிறது. பள்ளிக்குப் போய் வர நாளொன்றுக்குப் பத்து மைல் நடை. படிக்கக் கிடைத்த சந்தோஷத்தில் அந்த நடை பாரமாகத் தெரியவில்லை என்று முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1922-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஸ்ரீநகரிலும் லாகூர் இஸ்லாமியாக் கல்லூரியிலும் படித்து, 1930-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பட்டத்தோடு ஊர் திரும்பிய ஆண்டைக் கவனியுங்கள். 1929-இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. விளைபொருளின் விலை சரிந்தது. கைவினைப் பொருட்களை வாங்க ஆளில்லை. மகாராஜா ஆட்சியில் அரசு வேலையோ, பெரும்பான்மையாக இருந்த முஸ்லிம்களுக்கு அரிதிலும் அரிதாகவே கிடைத்தது. வீட்டைப் பட்டினி போட்டுப் படித்த பட்டதாரி, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை.

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. ஸ்ரீநகர் ஃபதேஹ் கதல் பகுதியில் அவரைப் போன்ற படித்த இளைஞர்கள் ஒரு வாசகசாலையில் கூடினார்கள். பத்திரிகை படித்தார்கள், வேலைவாய்ப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கெடுத்தார்கள், அரசுக்கு மனு எழுதினார்கள். வாசகசாலைக் கட்சி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலையில்லாத வாலிபன் வீட்டுக்குள் தனியாகக் கைப்பேசியோடு முடங்கும்போது, தன் நிலைக்குத் தானே காரணம் என்று நம்பத் தொடங்குகிறான். பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து கணக்கெடுத்தால், குறை தன்னிடம் மட்டும் இல்லை என்று தெரிகிறது. மனத்தின் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடுகிறது. நம் பள்ளிவாசல்களில் இஷாவுக்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் அறைகளை இப்படி ஒரு வாசகசாலையாக ஆக்கினால் என்ன?

பிறகு பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது, அதுவும் நீடிக்கவில்லை. 1931 ஜூலை 13 அன்று ஸ்ரீநகர் சிறைக்கு வெளியே கூடிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பிறகு அவர் முழுநேரப் பொதுவாழ்வுக்கு வந்துவிட்டார். கூட்டத்தில் அவர் குர்ஆன் ஓதும் குரலுக்காகவே மக்கள் திரண்டார்கள் என்பார்கள். 1932-இல் முஸ்லிம் மாநாட்டுக் கட்சி. 1939-இல் அது எல்லா மதத்தினருக்குமான தேசிய மாநாட்டுக் கட்சியாக மாறியது. 1946-இல் மகாராஜாவுக்கு எதிரான போராட்டம், சிறை. 1948-இல் ஜம்மு காஷ்மீரின் பிரதமர். அன்று அங்கே முதலமைச்சர் பதவிக்கு அதுதான் பெயர்.

ஆட்சியில் அவர் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்லிக் கடக்கிறோம். 1950-இல் வந்த நிலச்சட்டம் பெரும் பண்ணைகளுக்கு 182 கனால், ஏறத்தாழ 23 ஏக்கர், என்று வரம்பு வைத்தது. மிஞ்சிய நிலம் இழப்பீடு இல்லாமல் உழுதவனுக்குப் போனது. கடனில் மூழ்கியவர்களுக்காகத் தனிச் சட்டமும் வந்தது. ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுப்பதில் வட்டிக்கு நிகரில்லை என்பதைச் சால்வை வியாபாரியின் மகனுக்கு யாரும் பாடம் நடத்தியிருக்க வேண்டியதில்லை.

1953 ஆகஸ்ட் 9 அதிகாலையில் குல்மார்கில் அவர் கைது செய்யப்பட்டார். முந்தைய நாள் வரை பிரதமர், மறுநாள் கைதி. 1958 ஜனவரியில் விட்டார்கள். ஏப்ரலில் மீண்டும் பிடித்தார்கள். அவர் மீது தொடரப்பட்ட சதி வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, தீர்ப்பே இல்லாமல் 1964 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. நடுவில் கிடைத்த சில மாதங்கள் போக, பத்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே கழிந்தன. இந்தக் காலம் முழுவதும் வீட்டைச் சுமந்தவர் அவருடைய துணைவி பேகம் அக்பர் ஜஹான். ஸ்ரீநகரின் புகழ்பெற்ற நெடூ ஹோட்டல் குடும்பத்தில் வசதியாகப் பிறந்தவர். கணவர் எப்போது வருவார் என்று தெரியாமல், பிள்ளைகளை வளர்த்தார். மகன் ஃபாரூக் ஜெய்ப்பூரில் மருத்துவம் படித்தார். நம் வீடுகளிலும் நெருக்கடி வரும்போது ஆண்கள் கவலைப்படுகிறார்கள்; பெண்கள் அரிசி, பால், பள்ளிக் கட்டணம் என்று அந்தக் கவலையைக் கணக்காக மாற்றிச் சமாளிக்கிறார்கள். வரலாற்று நூல்கள் இதற்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

விடுதலையான அடுத்த மாதமே, நேருவின் சம்மதத்துடன் சமாதானப் பேச்சுக்காகப் பாகிஸ்தான் சென்றார். அவர் அங்கிருந்தபோதே, 1964 மே 27 அன்று நேரு காலமான செய்தி வந்தது. தன்னைச் சிறையில் வைத்த அரசின் தலைவர், ஆனால் பழைய நண்பர். டெல்லிக்குத் திரும்பி அவருக்காக அழுதார்.

1965-இல் மனைவியோடும் தோழர் மிர்ஸா அஃப்ஸல் பேக்கோடும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். சீனாவோடு போர் நடந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நேரம், டெல்லியில் கொந்தளிப்பு. ஹஜ்ஜை முடித்துவிட்டு மே 8 அன்று பாலம் விமான நிலையத்தில் இறங்கினார். நம் ஊரில் ஹாஜியை வரவேற்கத் தெருவே விமான நிலையத்துக்குப் போகும். அவரை வரவேற்க வந்தது போலீஸ். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்க் கைது. குற்றச்சாட்டும் விசாரணையும் தேவைப்படாத சட்டம் அது. முதலில் ஊட்டிக்கும், பிறகு கொடைக்கானலுக்கும் கொண்டுவந்தார்கள்.

காஷ்மீரிலிருந்து இந்தியாவின் மறு கோடிக்கு அவரைக் கொண்டுவந்து, குளிரும் பனிமூட்டமும் ஏரியும் உள்ள ஊரிலேயே வைத்தது விசித்திரம்தான். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். ஏரி, 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் உண்டாக்கியது. ஊர் எல்லைக்குள் நடமாடலாம். அதைத் தாண்டக் கூடாது. பார்க்க வருபவர்களுக்கு அரசின் அனுமதி வேண்டும். கம்பிகள் இல்லை, நல்ல காட்சிகள் உண்டு. ஆனால் தன் மொழி பேசுவோர் இல்லை, போகும் நாளும் தெரியாது. தண்டனைக் கைதிக்குக்கூட நாளை எண்ணிக் கழிக்க ஒரு கணக்கு உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

வந்த சில மாதங்களில் இந்தியா–பாகிஸ்தான் போர் மூண்டது. தன் மண்ணில் குண்டுகள் விழுவதை, தன் மக்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பழனி மலையின் உச்சியிலிருந்து செய்தியாக மட்டுமே அறிய முடிந்தது. 1966 ஜனவரியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். தன்னை விடுவிக்க வேண்டியவர் யார் என்பதே மாறிவிட்டது.

அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. கலெக்டராக இருந்தவர் பிற்காலத்தில் தேர்தல் ஆணையராகப் புகழ்பெற்ற டி.என்.சேஷன். ஷேக் எழுதும் கடிதங்களைப் படித்துப் பார்த்து அனுப்புவது அவருடைய பொறுப்பு. பின்னாளில் சேஷன் இரண்டு சம்பவங்களைச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு முகவரியிட்ட கடிதத்தை ஷேக் நீட்டி, இதையும் பிரிப்பீர்களா என்று கேட்டார். யார் பெயர் இருந்தாலும் பிரிப்பேன் என்று சேஷன் சொல்லிவிட்டார். இன்னொரு முறை, தன்னைச் சரியாக நடத்தவில்லை என்று கூறி சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக ஷேக் அறிவித்தார். உங்கள் தேவையைக் கவனிப்பது என் கடமை, ஆகவே ஒருவரும் ஒரு குவளைத் தண்ணீரோடுகூட உங்கள் அருகில் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் சேஷன் பதில் சொன்னாராம்.

கேட்பவர்கள் இதைச் சேஷனின் சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். நமக்கு ஷேக்கின் பக்கம்தான் கண் போகிறது. சாகும்வரை பட்டினி கிடப்பது மார்க்கம் அனுமதிக்கும் வழி அல்ல. குர்ஆனை மனமுருக ஓதும் அவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அப்படியிருந்தும் அந்த வார்த்தை வாயில் வந்தது என்றால், நெருக்கடி அந்த அளவுக்கு மனத்தை அழுத்தியிருக்கிறது. ஈமான் உள்ளவருக்கு மன அழுத்தம் வராது என்று சிலர் மிம்பரில் நின்றே பேசுகிறார்கள். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்து அழுது கண்பார்வை இழந்தார்கள். அவர்களிடம் ஈமான் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கடன்காரனுக்கு அஞ்சித் தூக்கம் வராமல் தவிப்பவரிடம், உமக்குத் தவக்குல் போதாது என்று சொல்வது மருந்து அல்ல, காயத்தின் மேல் இன்னொரு காயம். தூக்கமும் பசியும் நின்று, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், துஆவோடு சேர்த்து மருத்துவரிடமும் அழைத்துப் போக வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி இதற்கும் பொருந்தும்.

ஷேக் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பிரித்துப் படிக்கிறார்கள் என்று தெரிந்தே எழுதினார். வெளியிலும் அவருக்காகப் பேசுவோர் இருந்தார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1966-இல் பிரதமர் இந்திரா காந்திக்கு நீண்ட கடிதம் எழுதி, அவரை விடுவிக்க வலியுறுத்தினார். உடனே பலன் இல்லை. ஆனால் ஒருவன் மறக்கப்படவில்லை என்பதே பெரிய பலம். வியாபாரம் நொடித்தவர் முதலில் செய்வது ஆட்களைத் தவிர்ப்பதுதான்: கல்யாணத்துக்குப் போவதில்லை, ஜமாஅத்தில் கடைசி வரிசையில் நின்று ஸலாம் கொடுத்ததும் கிளம்பிவிடுகிறார். அப்படிக் கிளம்புபவரைப் பின்தொடர்ந்து போய் நலம் விசாரிப்பது மஹல்லாவின் கடமை.

அவர் மலையில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகள், மலைக்குக் கீழேயும் நாட்டுக்கே சோதனைக் காலம். 1965, 1966 என அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. அரிசிக்காக வரிசையில் நின்ற கதையை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1967 தேர்தலில் ஆட்சியே மாறியதற்கு, மொழிப் போராட்டத்தோடு இந்த அரிசியும் ஒரு காரணம். ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி அப்போது பிறந்ததுதான். மேலே ஒருவர் விடுதலைக்கும், கீழே ஒரு மாநிலமே உலைக்கும் காத்திருந்தது.

1967-இல் அவரை டெல்லிக்கு மாற்றினார்கள். 1968 ஜனவரி 2 அன்று முழு விடுதலை. அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. 1971-இல் காஷ்மீருக்குள் நுழையவே தடை விதித்தார்கள், அடுத்த ஆண்டுதான் நீங்கியது. 1975 பிப்ரவரியில் இந்திரா காந்தியுடன் உடன்பாடு கண்டு, பழைய கோரிக்கைகள் பலவற்றை விட்டுக்கொடுத்து, முதலமைச்சரானார். ஒரு காலத்தில் பிரதமர் என்று அழைக்கப்பட்டவர், குறைந்த அதிகாரத்தோடு அதே நாற்காலிக்குத் திரும்பினார். சரணாகதி என்றார்கள் சிலர். விவேகம் என்றார்கள் சிலர். காஷ்மீர் மக்களே அதை இன்னும் பேசி முடிக்கவில்லை. எழுபது வயதில் கிடைத்ததைக் கொண்டு தொடங்கினார் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது. பெரிய கடை போனபின் தள்ளுவண்டியில் நிற்கக் கூச்சப்பட்டு, வீட்டில் உட்கார்ந்து கடனை வளர்க்கும் சகோதரர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரு விஷயத்தை மறைத்தால் நியாயமாகாது. விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்ட இதே மனிதரின் ஆட்சியில்தான், 1978-இல், விசாரணையின்றி ஆட்களைக் காவலில் வைக்கும் பொதுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மரக்கடத்தல்காரர்களுக்காக என்று காரணம் சொல்லப்பட்டது. பின்னாளில் அது யார் யார் மீது பாய்ந்தது என்பது ஊரறிந்தது. 2020-இல் அவருடைய பேரன் உமர் அப்துல்லாஹ் மீதும் பாய்ந்தது. பட்ட துன்பம் தானாகவே ஒருவரை அடுத்தவர் துன்பம் அறிந்தவராக ஆக்கிவிடுவதில்லை.

அவருடைய வேலைகளில் நம் மனத்துக்கு மிக நெருக்கமானது வேறொன்று. கொடைக்கானலிலிருந்து டெல்லி போய் விடுதலையான அதே 1968-இல், ஸ்ரீநகர் தால் ஏரிக்கரையில் ஹஸ்ரத்பல் பள்ளிவாசலைப் புதிதாகக் கட்டும் வேலையை முஸ்லிம் அவ்காஃப் அறக்கட்டளையின் தலைவராக அவர் தொடங்கினார். அன்று அவரிடம் பதவி இல்லை, மறுபடி எப்போது பிடிப்பார்கள் என்றும் தெரியாது. வேலை 1979 வரை நடந்தது. இன்று நாம் படங்களில் பார்க்கும் வெண்பளிங்குக் குவிமாடம் அப்படி எழுந்ததுதான். 1982 செப்டம்பர் 8 அன்று முதலமைச்சராக இருக்கும்போதே அவர் காலமானார். அந்தப் பள்ளிவாசலுக்குச் சற்றுத் தொலைவில் அடக்கம் செய்யப்பட்டார்.